முக்கால் மீட்டர்

மழைக்காலம் தொடங்கிவிட்டால் சென்னையில் இருப்பவர்கள் மனதுக்குள் எதிர்பார்க்கும் செய்தி ஒன்று உண்டு. தேங்கிய நீரில் நடந்து சென்றவர் மின்சாரம் தாக்கி பலி. ஊரும் வயதும் மாறும், வாக்கியம் மாறாது. எனக்கு அந்த வாக்கியத்தின் மீதே சந்தேகம். "மின்சாரம் தாக்கி" என்கிறோம், புலி தாக்கி, மின்னல் தாக்கி என்பதைப் போல. காட்டிலிருந்தோ வானத்திலிருந்தோ அது தானாகக் கிளம்பி வந்ததாக ஒரு தோற்றம். யாரோ வரைந்து, யாரோ டெண்டர் விட்டு, யாரோ தோண்டி, யாரோ மூடி, யாரோ அளவெடுத்ததாகக் கையெழுத்துப் போட்டு பில் வாங்கிய பொருள் அது என்ற தகவலுக்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை.

2017 நவம்பர் 1, கொடுங்கையூர். மழைநீர் தேங்கிய தெருவில் இரண்டு சிறுமிகள். 2019 செப்டம்பர், முகலிவாக்கம். தெருவிளக்குக்குப் போன புதைவடத்தின் மேல் இருந்த சேற்றில் கால் வைத்த 14 வயதுப் பையன். அவன் விழுவது சிசிடிவியில் பதிவாகி நம் எல்லோர் கைபேசிக்கும் வந்தது. 2025 ஆகஸ்ட், கண்ணகி நகர். விடிவதற்கு முன்பே வேலைக்குக் கிளம்பிய தூய்மைப் பணியாளர். இந்த மூன்றிலும் கம்பத்திலிருந்து கம்பி அறுந்து விழவில்லை. மின்சாரம் காலுக்குக் கீழே இருந்து வந்தது.

மூன்று முறையும் மழைதான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. இது மெட்ராஸ் என்ற ஊர் உருவாகும் முன்பிருந்தே நடப்பது. மழை பெய்யும் ஊரில் தரைக்கடியில் கேபிள் போடுகிறவனுக்கு மழை ஒரு எதிர்பாராத விபத்து ஆக முடியாது. முதல் பக்கத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டிய அளவு அது. கடலில் கப்பல் மூழ்கியதற்குக் காரணம் கடலில் தண்ணீர் இருந்தது என்று யாராவது விசாரணை அறிக்கை எழுதினால் சிரிக்க மாட்டோமா?

நான் படித்தது எலெக்ட்ரிக்கல் அண்டு எலெக்ட்ரானிக்ஸ். எங்கள் வகுப்பில் பலரையும் போல எனக்கும் சோறு போடுவது மென்பொருள். ஆனாலும் நான்கு வருடம் படித்தது முழுவதும் மறந்துவிடவில்லை. அதனால்தான் ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் எழும் ஒரு கோஷம் என்னைக் கொஞ்சம் நெளிய வைக்கிறது. வர்தா வந்தபோது, கஜா வந்தபோது, "எல்லாத்தையும் அண்டர்கிரவுண்ட் பண்ணுங்கப்பா, பிரச்சினை முடிஞ்சிடும்" என்று நண்பர்கள் எழுதினார்கள். காற்றுக்கு அது சரியான பதில்தான், மறுக்கவில்லை. ஆனால் முடிந்துவிடுவது நம் கண்ணுக்குத் தெரியும் பிரச்சினை மட்டும். மேலே தொங்கும் கம்பி கெட்டுப்போனால் தெரு முழுக்கத் தெரியும். பொறி பறக்கும், பல்பு மங்கும், யாராவது ஈ.பி.க்குப் போன் போடுவார்கள். கீழே புதைத்த கேபிள் கெட்டுப்போனால் அது பேசாமல் கசிந்துகொண்டே இருக்கும், மாதக்கணக்கில்கூட. வெளியே தெரியாத பொருளை, வெளியே தெரிவதைவிடப் பல மடங்கு கவனமாகச் செய்ய வேண்டும். நாம் நேர் எதிராகச் செய்கிறோம். மண்ணைப் போட்டு மூடிவிட்டால் யார் பார்க்கப்போகிறார்கள்?

அந்தக் கவனம் எப்படி இருக்க வேண்டும் என்பதை இந்தியா எப்போதோ எழுதிவைத்துவிட்டது. ஐ.எஸ். 1255 என்று ஒரு தர ஆவணம், 1983-இல் வெளியானது. 33 கிலோவோல்ட் வரையிலான கேபிள்களை எப்படிப் பதிப்பது, எப்படிப் பராமரிப்பது என்று சொல்கிறது. நம் தெருவில் வீடுகளுக்குப் போகும் தாழ்வழுத்தக் கேபிள் 0.75 மீட்டர் ஆழத்தில் இருக்க வேண்டும். 11 கிலோவோல்ட் வரை என்றால் 0.9 மீட்டர். 22, 33 கிலோவோல்ட்டுக்கு 1.05 மீட்டர். சாலையைக் குறுக்காகக் கடந்தால் ஒரு மீட்டர். கேபிளுக்கு அடியிலும் மேலும் சல்லடையில் சலித்த மணல், அதன் மேல் செங்கல்லோ ஓடோ. திரும்புகிற இடங்களிலும் ஜாயிண்ட் இருக்கும் இடங்களிலும் தரைக்கு மேல் அடையாளக் கல். இப்போது வழக்கத்தில் செங்கல்லுக்கு மேல் எச்சரிக்கை நாடாவும் விரிக்கிறார்கள்.

முதல்முறை இதைப் படித்தபோது எனக்கு இது அலுப்பான சமையல் குறிப்பாகத்தான் தோன்றியது. பிறகுதான் புரிந்தது, இது ஒரு கடிதம். பத்து வருடம் கழித்து அதே இடத்தில் குடிநீர்க் குழாய்க்காகக் கடப்பாரையோடு வரப்போகும், இன்னும் யாரென்றே தெரியாத ஒருவருக்கு எழுதியது. முதலில் நாடா தட்டுப்படும், அவர் நிதானிப்பார். அதையும் தாண்டினால் செங்கல், கடப்பாரை 'ணங்' என்று நிற்கும். அதையும் உடைத்தால் மணல். மண்ணின் நிறம் மாறியிருப்பது தோண்டிப் பழகியவர் கண்ணுக்கு உடனே தெரியும். அவ்வளவுக்கும் பிறகுதான் கேபிள். இந்த அடுக்குகளில் ஒன்றைக்கூட விலை உயர்ந்தது என்று சொல்ல முடியாது. புதைவடம் போடும் செலவில் பெரும்பகுதி கேபிளுக்கும் சாலையை வெட்டி ஒட்டுவதற்கும் போகிறது. நாம் மிச்சம் பிடிப்பது செங்கல்லில்.

கேபிளுக்குள்ளேயே இன்னொரு பாதுகாப்பு இருக்கிறது, வெளியே அதிகம் பேசப்படாதது. உறைக்குள் சுற்றியிருக்கும் எஃகுக் கம்பிக் கவசம், ஆர்மர் என்பார்கள். எலி கடிக்காமல், அடி படாமல் இருக்க என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதன் பெரிய வேலை வேறு. அந்தக் கவசம் எர்த்தோடு இணைந்திருக்க வேண்டும். கடப்பாரை கேபிளைக் குத்தினால் அது முதலில் கவசத்தைத் தொடும், பிறகு உள்ளே இருக்கும் ஃபேஸைத் தொடும். அந்த நொடி ஃபேஸும் எர்த்தும் நேரடியாக மோதி, ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து, ஃபியூஸ் போய்விடும். குத்தியவர் அதிர்ந்து பின்னால் விழலாம், தீக்காயம்கூடப் படலாம், ஆனால் பிழைத்துக்கொள்ள ஒரு வாய்ப்பு இருக்கிறது. இதற்கு ஒரே நிபந்தனை, கேபிள் வெட்டி ஒட்டப்படும் ஒவ்வொரு ஜாயிண்ட்டிலும் இந்தப் பக்கத்துக் கவசத்தை அந்தப் பக்கத்துக் கவசத்தோடு ஒரு செம்புப் பின்னலால் இணைத்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டாலும் லைட் எரியும், ஃபேன் ஓடும். அதனால் அதை விட்டுவிடுவது மிகச் சுலபம்.

நீரில் கால் வைத்தவர் இறக்கும்போது ஃபியூஸ் ஏன் போகவில்லை என்று பலரும் கேட்கிறார்கள். பதில் கணக்கில் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். ஈரமான மனித உடலின் மின்தடையை ஏறத்தாழ ஆயிரம் ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டை ஆயிரத்தால் வகுத்தால் 0.23 ஆம்பியர். ஓர் இதயத்தை நிறுத்த அதில் பாதிகூடப் போதும். வீட்டில் ஆர்.சி.டி. இருந்தால், அதாவது பழைய பெயரில் ஈ.எல்.சி.பி., 0.03 ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும். தெருக் கேபிளின் தலையில் இருப்பதோ 200 ஆம்பியர் அளவிலான ஃபியூஸ். 0.23 ஆம்பியர் அதற்கு என்ன? ஐம்பத்து மூன்று வாட். பழைய சீலிங் ஃபேன் ஒன்று இழுப்பதைவிடக் குறைவு. தெருவில் ஒருவர் செத்துக்கொண்டிருக்கும்போது, அந்த ஃபியூஸுக்குத் தெரிந்ததெல்லாம் யாரோ ஒரு வீட்டில் ஃபேன் போட்டிருக்கிறார்கள் என்பது மட்டும்தான்.

உடைந்த கேபிளிலிருந்து மண்ணுக்குக் கசிவதும் இப்படித்தான். ஈர மண்ணின் தடை பத்து ஓம் என்றால் 23 ஆம்பியர் போகும். ஒரு சின்ன ஃபேக்டரி அளவுக்கு மின்சாரம் மண்ணைச் சூடாக்கிக்கொண்டு கிடக்கும், ஃபியூஸ் அசையாது. சரி, தெருவுக்கும் ஆர்.சி.டி. போடலாமே என்றால், நூறு வீடுகளின் சின்னச் சின்னக் கசிவுகள் சேர்ந்து நாளுக்குப் பத்து முறை அதைத் தட்டிவிடும். ஆகவே தெருவில் உங்களைக் காப்பாற்ற ஒரு கருவியும் கிடையாது. இன்சுலேஷன், கவசம், ஆழம், பெட்டி, இவ்வளவுதான். கருவி இல்லாத இடத்தில் கட்டுமானம்தான் கருவி. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் முக்கால் மீட்டரை ஒன்றரை அடியாகச் சுருக்குவதை 'சின்ன விதிமீறல்' என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பெட்டி என்றேனே, அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தெருமுனையில் நிற்கும் பில்லர் பாக்ஸ். சென்னைக்காரர்கள் அதன் மேல் டீ கிளாஸ் வைப்போம், போஸ்டர் ஒட்டுவோம், பக்கத்தில் நாய் தூங்கும். கதவு பாதி நேரம் கயிறு கட்டி நிற்கும். அது நிறுவப்பட்ட நாளில் தெரு மட்டத்திலிருந்து போதிய உயரத்தில்தான் இருந்திருக்கும். பிறகு தெரு வளர்ந்தது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் போடுவது நம் ஊர் வழக்கம். நான்கு முறை போட்டால் வீட்டு வாசல்படி பள்ளமாகிவிடும், மழைத் தண்ணீர் ஹாலுக்குள் வரும். இதைப் பற்றி எல்லோரும் புலம்புகிறோம். 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, நம்மில் பலர் எழுத்தாளராக அறிந்தவர், பழைய தாரைச் சுரண்டிய பிறகே புதிது போட வேண்டும் என்று அதிகாரிகளுக்கு அறிவுறுத்தினார். வீடு தாழ்வது கண்ணில் பட்டது. பில்லர் பாக்ஸும் கூடவே தாழ்ந்தது அதிகம் பேர் கண்ணில் படவில்லை. உள்ளே இருக்கும் திறந்த செம்புப் பட்டைகள் ஒவ்வொரு தார் பூச்சுக்கும் இரண்டு மூன்று அங்குலம் தண்ணீருக்கு நெருக்கமாக வந்தன. சாலை போட்டவர் ஒரு துறை, பெட்டி வைத்தவர் இன்னொரு துறை, வடிகால் மூன்றாவது துறை. மூவருமே தங்கள் கோப்பில் சரியாக இருப்பார்கள்.

கொடுங்கையூருக்குப் பிறகு பெட்டிகளை உயர்த்தும் வேலைகள் நடந்தன. அதை மறுப்பது நேர்மையாகாது. ஊழியர்கள் சிலர் பணியிடை நீக்கமும் செய்யப்பட்டார்கள். இந்தப் பணியிடை நீக்கத்தின் மீதுதான் எனக்கு முக்கியமான கோபம்.

ஏனென்று சொல்கிறேன். சென்ற வருடம் எங்கள் தெருவில் ஓர் இரவு பள்ளம் தோண்டினார்கள். எந்தத் துறையின் வேலை, எந்த ஒப்பந்ததாரர் என்று அங்கே போர்டு இல்லை, நானும் இங்கே எழுதப்போவதில்லை. பதினோரு மணி இருக்கும். செருப்புக்கால், கையுறை இல்லை, தலையில் டார்ச். பள்ளத்துக்குள் நின்றவரிடம், "அண்ணே, எவ்ளோ ஆழம் எடுக்கணும்?" என்று கேட்டேன்.

நிமிராமலே சொன்னார், "ரெண்டரை அடி சார்."

"இது ஒன்றரை அடி மாதிரி இருக்கே?"

"கீழ டிரைனேஜ் பைப் போகுது. அதுக்குக் கீழ எறங்கணும்னா ரெண்டு நாள் ஆவும். காலைல ஆறு மணிக்குள்ள மூடணும்னு சொல்லியிருக்காங்க."

"மணல் போடலையா?"

"மண்ணு நாளைக்கு வரும்னாங்க."

மணல் நாளைக்கு வரும், பள்ளம் இன்றைக்கே மூடப்படும். ஐ.எஸ். 1255 என்ற பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் அதன் எண் அவருக்கு அச்சரம் பிசகாமல் தெரிந்திருந்தது. முக்கால் மீட்டர், அவர் மொழியில் ரெண்டரை அடி. தெரியாமை அந்தப் பள்ளத்தில் இல்லை. அங்கே ஒரு கழிவுநீர்க் குழாய் குறுக்கே போவது வடிவமைத்தவருக்கு முன்பே தெரிந்திருந்தால், வழியை மாற்றியிருக்கலாம். அல்லது அந்த இடத்தில் மட்டும் கேபிளைக் குழாய்க்குள் விட்டு மேலே கான்கிரீட் போட்டிருக்கலாம். அது தெரிய வரைபடம் வேண்டும், வரைபடம் சரியா என்று பார்க்கச் சோதனைக் குழி தோண்ட வேண்டும், அதற்கு நாள் ஒதுக்க வேண்டும். இதெல்லாம் மேசையில் நடக்க வேண்டிய வேலைகள். மேசையில் விடுபட்டதையெல்லாம் இரவு பதினோரு மணிக்குச் செருப்புக்காலோடு நிற்கும் ஒரு மனிதர் தீர்த்துவைக்க வேண்டியிருக்கிறது. நாளை அங்கே ஏதாவது நடந்தால் 'மனிதத் தவறு' என்று எழுதுவார்கள். அந்த மனிதர் யாராக இருப்பார் என்று நமக்குத் தெரியும்.

மணலைப் பற்றி இன்னொன்று. அது வெறும் மெத்தை என்று நினைக்க வேண்டாம், வெப்பத்தைக் கடத்திச் செல்வதும் அதன் வேலை. கேபிளில் மின்சாரம் போகப் போகச் சூடு ஏறும். இன்று பரவலாகப் பயன்படும் எக்ஸ்.எல்.பி.இ. கேபிளின் கடத்தி 90 டிகிரி வரைதான் தொடர்ந்து தாங்கும். அந்தச் சூடு மண் வழியாக வெளியேற வேண்டும். பள்ளத்தைக் கட்டட இடிபாடு, பிளாஸ்டிக் பை, உடைந்த டைல்ஸ் போட்டு மூடினால் நடுநடுவே காற்றுப் பை உருவாகும், சூடு உள்ளேயே தங்கும், இன்சுலேஷன் முன்கூட்டியே கிழடாகும். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 1998 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் நகர மையத்துக்கு வந்த நான்கு 110 கிலோவோல்ட் புதைவடங்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தன. வறண்ட, சுட்டெரித்த கோடை. ஐந்து வாரம் நகர மையம் முடங்கிக் கிடந்தது. அங்கே போனது வியாபாரம். நம் தெருவில் அதே சூடு கிழடாக்கிய இன்சுலேஷன் மழைக்காலத்தில் ஒருவர் காலுக்கடியில் திறக்கும்.

"நியூயார்க்கா இது? நம்ம ஊர் அப்படித்தான்" என்பது அடுத்து வரும் வாதம். சரி, நியூயார்க்கையே எடுத்துக்கொள்வோம். 2004 ஜனவரி 16, மன்ஹாட்டனின் ஈஸ்ட் வில்லேஜ். நாய்களோடு நடைப்பயிற்சிக்குப் போன 30 வயது ஆய்வு மாணவி ஒருவர், உருகிய பனி தேங்கிய நடைபாதையில், கான் எடிசன் நிறுவனத்தின் மின்பெட்டி மூடியில் கால்பட்டு இறந்தார். நம் தெருவில் நடப்பதும் இதேதான், பனிக்குப் பதில் மழை. அங்கேயும் அதுவரை நகரம் இப்படித்தான் இருந்தது, பழைய கேபிள், அரைகுறை ஜாயிண்ட். வேறுபாடு அடுத்த வருடம் வந்தது. மாநிலத்தின் பொதுச்சேவை ஆணையம் 2005-இல் ஓர் உத்தரவு போட்டது. மக்கள் கை கால் படக்கூடிய ஒவ்வொரு மின் சாதனத்திலும் கசிவு இருக்கிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும், முடிவைப் பொதுவில் தர வேண்டும். விளக்குக் கம்பம், மூடி, பெட்டி, எல்லாம். சோதிக்கத் தொடங்கியதும் நூற்றுக்கணக்கான இடங்களில் கசிவு கிடைத்தது. நகரம் நல்லதாகிவிடவில்லை. தேடத் தொடங்கியது, அதனால் கிடைத்தது.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. மின்சாரச் சட்டம் 2003-இன் 161-ஆம் பிரிவு, மின்விபத்தில் உயிரிழப்பு நேர்ந்தால் தகவல் தர வேண்டும் என்கிறது, மின் ஆய்வாளரைக் கொண்டு விசாரிக்க அரசுக்கு அதிகாரமும் தருகிறது. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள் 2010-இல் வந்து, 2023-இல் புதுப்பிக்கப்பட்டிருக்கின்றன. தோண்டுவதற்கு முன் தகவல் தர மத்திய அரசு 2023 மார்ச்சில் ஒரு செயலியையே வெளியிட்டது. ஆனால் அந்த விசாரணை அறிக்கைகள் நீங்களும் நானும் எடுத்துப் படிக்கும் இடத்தில் இல்லை. என் துறையில் ஒரு சர்வர் அரை மணி நேரம் நின்றால் என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி நடக்காமலிருக்க எதை மாற்றினோம் என்று நிமிட வாரியாக எழுதிப் பொதுவில் போடுகிறோம். நின்றது யாரோ ஒருவரின் சினிமா டிக்கெட் புக்கிங்காக இருக்கும். ஒரு சிறுமி இறந்த கேபிளின் ஆழம் எவ்வளவு, ஜாயிண்ட்டில் கவசம் இணைக்கப்பட்டிருந்ததா, அதை மூடும் முன் பார்த்தது யார் என்பதற்கு அப்படி ஒரு பக்கம் கிடையாது. நஷ்டஈட்டுத் தொகை மட்டும் மறுநாளே நமக்குத் தெரிந்துவிடுகிறது.

இலக்கியவாதிகளான நாமும் இதில் சுத்தமானவர்கள் இல்லை. முகலிவாக்கம் வீடியோ வந்த வாரம் எத்தனை கவிதைகள் வந்தன என்று உங்களுக்கு நினைவிருக்கும். அடுத்த வாரம் வேறு வீடியோ, வேறு கவிதை. அந்தக் கவிதைகளைக் கேலி செய்யவில்லை, சிலவற்றை நானும் பகிர்ந்தேன். ஆனால் அவற்றில் ஒன்றில்கூட ஓர் அளவு இல்லை. எத்தனை அடி, எத்தனை ஆம்பியர், எந்தத் தேதியில் சோதித்தது? துக்கத்துக்கு எண் தேவையில்லைதான். கேள்விக்குத் தேவை.

நான் கேட்பது மூன்றே விஷயம், மூன்றுமே புதுக் கண்டுபிடிப்பு இல்லை. பள்ளத்தை மூடும் முன், அதைத் தோண்டிய ஒப்பந்ததாரருக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் திறந்த பள்ளத்தைப் பார்க்க வேண்டும். அவர் ஆழம், மணல், செங்கல், ஜாயிண்ட் நான்கையும் படமெடுத்து, இடக் குறியீட்டோடு பதிவேற்ற வேண்டும், அதற்குப் பிறகே பில். ஒவ்வொரு செப்டம்பரிலும், மழைக்கு முன், தெருவில் இருக்கும் எல்லாப் பில்லர் பாக்ஸிலும் விளக்குக் கம்பத்திலும் கசிவுச் சோதனை நடத்தி வார்டு வாரியாகப் பட்டியல் வெளியிட வேண்டும். இறப்பு நடந்தால் மின் ஆய்வாளரின் அறிக்கை பொதுவில் வர வேண்டும். இவற்றில் அதிகம் செலவாவது இரண்டாவது. அதற்கும் புது ஆட்கள்கூட வேண்டாம், கருவியும் பயிற்சியும் கொடுத்தால் கேங்மேன்களே செய்வார்கள்.

அதுவரை நம் கையில் இருப்பது பத்து ரூபாய் அளவுநாடாவும் கைபேசியும். உங்கள் தெருவில் கேபிள் பள்ளம் திறந்திருந்தால் உள்ளே இறங்காதீர்கள், கேபிளைத் தொடாதீர்கள். கரையில் நின்று, வேலை செய்கிறவரிடமே கேட்டு, ஆழத்தை அளந்து படமெடுங்கள். செங்கல் அடுக்கு ஓரத்தில் குவிந்திருக்கிறதா என்று பாருங்கள். படத்தோடு பகுதி உதவிப் பொறியாளருக்கும் வார்டு உறுப்பினருக்கும் எழுதுங்கள், ஐ.எஸ். 1255 என்ற எண்ணைக் குறிப்பிட மறக்க வேண்டாம். எங்கள் தெருப் பள்ளத்துக்கு நான் அப்படி எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு வேன் மணல் மட்டும் வந்து, மூடிய பள்ளத்தின் மேல் கொட்டப்பட்டது. அடுத்த மழையில் அது வடிகாலுக்குள் போய்ச் சேர்ந்தது.